தட்டை விட்டேன், புடவையை விடவில்லை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. எங்கே நடிப்பு படித்தீர்கள்? ஆரணியில் என்பேன். ஆரணியில் ஏது நடிப்புப் பள்ளி என்று விழிப்பீர்கள். பட்டுப் புடவைக் கடை இருந்தது, அதில் எட்டு வருஷம் புடவை மடித்தேன், அதுதான் என் படிப்பு. நாடக அனுபவம் என்றால் ஒன்றே ஒன்று. பள்ளிக்கூட நாடகத்தில் திரை இழுக்கிற வேலை கொடுத்தார்கள். ராஜா வேஷக்காரன் பேசிக்கொண்டிருக்கும்போதே இழுத்துவிட்டேன். அவன் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மடிப்பதை லேசான வேலை என்று நினைக்காதீர்கள். தறியிலிருந்து அறுத்து வந்த புடவையை நீள மேஜையில் விரித்து, பழுது இருக்கிறதா என்று பார்த்து, ஜரிகையும் ஜரிகையும் உரசாமல் நடுவில் காகிதம் வைத்து, கரை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு கோடு விழும். அந்தக் கோடு அந்தப் புடவையின் ஆயுசுக்கும் போகாது. நான் மடித்தால் கோடு விழாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் அந்தத் தலைக்கனம்தான்.

எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசூரிலிருந்து ஒரு பெண்ணின் முகூர்த்தத்துக்குப் புடவை சொல்லியிருந்தார்கள். அரக்குச் சிவப்பு, கிளிப்பச்சைக் கரை. முள்ளிப்பட்டு கிராமத்துத் தறியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் நேரில் போய்ப் பார்த்து, இதுதான் எனக்கு என்று சொன்ன புடவை. அவளுடைய அம்மா கடைக்கு வந்து என்னிடம் ஒரு கண்டிஷன் போட்டுவிட்டுப் போனாள்.

"எங்க வூட்ல ஒரு வழக்கம் கீது தம்பி. முகூர்த்தப் பொடவையோட மொத மடிப்ப பொண்ணுதான் பிரிக்கணும். அதுக்கு முன்ன வேற யாரும் பிரிக்கவும் கூடாது, மேல போட்டுப் பாக்கவும் கூடாது. நீ மடிச்சி வச்சிடு. அவ வந்து பிரிச்சிக்குவா."

மடித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு மடிப்பு மடித்ததில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். வெள்ளிக்கிழமை கல்யாணம், வியாழக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

புதன்கிழமை காலை சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு பழைய பெரிய வீட்டில் படப்பிடிப்பு. கல்யாணத் தட்டில் வைத்துக் காட்ட ஒரு பட்டுப் புடவை வேண்டும், சாயந்திரம் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். எங்கள் முதலாளி சினிமா என்றால் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்.

"அந்த மஞ்சப் பொடவைல ஒண்ணு எடுத்துகினு நீயும் கூடவே போ. பொடவைய வுட்டு இப்டி அப்டி நவுராத. ஜல்தி வந்துடு," என்றார்.

மஞ்சள் புடவை சுமாரான புடவை. கடையில் புதிதாகச் சேர்ந்த ஆள் மடித்தது. சினிமாவில் ஊரே பார்க்கப் போகிறது, பார்ப்பது இவன் மடிப்பையா? தட்டில் வைக்கத்தானே கேட்கிறார்கள், பிரிக்கப் போவதில்லையே, சாயந்திரம் மேல் தட்டில் திரும்ப வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? இப்படி யோசித்து, முதலாளி டீ குடிக்கப் போன நேரத்தில் தேசூர்ப் பெண்ணின் புடவையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். செய்த தப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் பார்க்க வேண்டும் என்கிற அரிப்பு நடிகனான பிறகு எனக்கு வந்தது அல்ல. அது முன்னாடியே இருந்தது.

அந்த வீட்டு வாசலில் நாலு பேர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புழுதி பறக்காமல் இருக்க இவ்வளவு அக்கறையா என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். நடுவாசலில் கணுக்கால் அளவுக்குச் சேறு ஆகும்வரை மெச்சிக்கொண்டுதான் இருந்தேன்.

உதவி இயக்குநர் ஒல்லியான ஆள். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு அட்டை, காதில் ஒரு பென்சில். காட்சியை எனக்கு விளக்கினார். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் புடவையைத் தட்டில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பெண்ணின் அண்ணன், அவர்தான் வில்லன், வாசலிலேயே மறிக்கிறார். தட்டைத் தட்டிவிட்டு, கல்யாணம் கிடையாது போங்கடா என்கிறார்.

"தட்டு விழுமா சார்?" என்றேன்.

"தட்டு விழும். புடவை சேத்துல விழும். அதுக்குத்தானே காலையிலேர்ந்து தண்ணி ஊத்தறோம்."

ஓடிவிடலாம் என்று பார்த்தேன். புடவை அதற்குள் தாம்பாளத்தில் ஏறி, மேலே பூவும் வைத்தாகிவிட்டது. உண்மையைச் சொல்லலாம் என்றால், மைக்கில்லாமலே ஊருக்குக் கேட்கிற குரலில் இயக்குநர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என் வேட்டியை மடித்து வைக்கிறேன், தூரத்திலிருந்து தெரியாது என்று உதவி இயக்குநரிடம் சொல்லிப் பார்த்தேன். ஜரிகை பளபளக்க வேண்டும் என்றார்.

நெருக்கடியில் எனக்கு வந்த யோசனை ஒன்றுதான். எவன் கையில் புடவை இருக்கிறதோ அவன்தான் அதைக் காப்பாற்ற முடியும். அந்தக் கை என் கையாக இருக்க வேண்டும்.

"சார், பட்டு வழுக்கும்," என்றேன். "பித்தளத் தட்டுல பட்டுப் பொடவைய வச்சிகினு நடக்கறதுக்குப் பழக்கம் வோணும். தெரியாத ஆளு தூக்கினா வாசப்படி வர்றதுக்குள்ள வழுக்கிடும். நீங்க சொன்ன எடத்துல விழாது."

அப்பட்டமான பொய். அவர் நம்பிவிட்டார். தட்டு தூக்க வைத்திருந்த ஆளை அனுப்பிவிட்டு எனக்கு ஒரு பட்டுச் சட்டையை மாட்டி, நெற்றியில் விபூதி இட்டு, மாப்பிள்ளைக்கு மாமன் ஆக்கிவிட்டார். இப்படித்தான் நான் சினிமாவுக்கு வந்தேன். வாய்ப்புக் கேட்டு வரவில்லை, புடவையைத் திருப்பிக் கொண்டுபோக வந்தேன்.

என் திட்டம் இது. தட்டு விழட்டும், தேங்காய் விழட்டும், வெற்றிலை விழட்டும். புடவையை மட்டும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வது. அடி விழுந்ததும் மார்போடு அணைத்துக்கொள்வது. இயக்குநர் திட்டுவார். திட்டட்டும். ஆரணியில் முதலாளி திட்டாத திட்டா?

காமிரா ஓடியது. நடந்து போனேன். வில்லனாக நடித்தவர் அந்தக் காலத்தில் பெயர் பெற்ற நடிகர். ஆள் கதவு அகலம். பேச வேண்டியதைப் பேசிவிட்டு ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தாம்பாளம் பறந்தது. தேங்காய் உருண்டது. புடவை என் மார்பில்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பழுத்த நடிகர் அல்லவா? சேற்றில் விழ வேண்டியது விழவில்லை என்று பார்த்தார். காட்சியை விடக் கூடாது என்று கையை நீட்டிப் புடவையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. அவர் இன்னும் பலமாக இழுத்தார். மடிப்பு கலைந்துவிடும் என்று தெரிந்த அந்த நிமிஷம் எனக்குக் காமிரா மறந்துபோனது. அவரிடம், அந்த நடிகரிடம், மெதுவாகச் சொன்னேன்.

"ஐயா, வோணாங்க. நாளன்னிக்குக் கல்யாணங்க. பொண்ணு இன்னும் பிரிக்கவே இல்லீங்க. வுட்டுடுங்க ஐயா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, அவர் கை தளர்ந்தது. நான் எதிர்பார்க்காமல் பின்னால் சாய்ந்து சேற்றில் சப்பென்று உட்கார்ந்தேன். இடுப்புவரை சேறு. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தேன். புடவை கையில் இருந்தது. அப்படியே உட்கார்ந்துகொண்டு மடிப்பு சரியாக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

கட் என்ற குரல் வர ரொம்ப நேரம் ஆனது. இயக்குநர் கேட்டார்:

"இந்த வசனம் பேப்பர்ல இல்லையே. யார் எழுதினது?"

உதவி இயக்குநர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தான் சார். காலையில தோணுச்சு," என்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை எடுத்தார்கள். அதற்குள் எல்லோரும் பிரமாதம் பிரமாதம் என்று என் தலையில் ஏற்றியிருந்தார்கள். நான் புடவையை முதல் காரியமாகத் துணியில் சுற்றி, நான் வந்த வண்டியில் வைத்துவிட்டேன். தட்டில் ஏதோ பழைய துணியை மேலே ஜரிகை தெரிகிற மாதிரி மடித்து வைத்தார்கள். இந்தத் தடவை ஐயா என்று கத்தினேன், மார்பில் அடித்துக்கொண்டேன், கண்ணீர்கூட வந்தது. இயக்குநர் கையைக் காட்டி நிறுத்தினார். "போதும்பா, மொதல்ல எடுத்ததே இருக்கட்டும்," என்றார். இந்தத் தொழிலில் நான் வாங்கிய முதல் பாராட்டும் முதல் செருப்படியும் ஒரே நாளில், அரை மணி நேர இடைவெளியில் கிடைத்தன.

கடைக்கு வந்து துணியைப் பிரித்தேன். மடிப்பு கலையவில்லை. ஆனால் கரை ஓரத்தில், என் கட்டைவிரல் அழுத்திய இடத்தில், கடுகளவு சேறு. காய்ந்து ஒட்டிவிட்டது. துடைத்தால் பரவும். நனைத்தால் அந்த இடம் சுருங்கும். காலையில் அவர்கள் வந்து நிற்பார்கள். சொல்லிவிடலாம் என்று ஒரு மனம், சொன்னால் வேலை போச்சு என்று ஒரு மனம். நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. நான் கொஞ்சம் மஞ்சளைக் குழைத்து அந்தப் பொட்டின்மேல் வைத்துவிட்டேன். புதுத் துணிக்கு ஓரத்தில் மஞ்சள் வைப்பது எல்லா வீட்டிலும் செய்கிறதுதானே? யாருக்கும் சந்தேகம் வராது.

மறுநாள் பெண்ணின் அம்மா அதைப் பார்த்துக் கண் கலங்கினாள். "கடையிலியே மஞ்ச வச்சிக் குடுத்துகிறாரு பாரு. இந்த மாதிரி மனசு யாருக்கு வரும்?" என்றாள். பெண் புடவையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி என்னை மெச்சினார். அந்த மெச்சல் எனக்குள் இறங்கவே இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்துப் படம் ஆரணிக்கு வந்தது. முதலாளி கடையை மூடி எங்களையெல்லாம் மத்தியான ஆட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். என் காட்சி வந்தது. தியேட்டரே எனக்காக உச்சுக்கொட்டியது. பக்கத்தில் இருந்த முதலாளி என்னைப் பார்க்கவில்லை. பட்டு வியாபாரி அல்லவா, புடவையைத்தான் பார்த்தார்.

"டேய்," என்றார். "அது தேசூராங்க பொடவைடா."

படம் முடிந்து வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், மஞ்சளுக்கு அடியில் இருந்த சேறு உட்பட. முகூர்த்தப் புடவையை, அதுவும் நின்றுபோன கல்யாணக் காட்சியில் வைத்து இழுபறி செய்திருக்கிறேன். வெளியே தெரிந்தால் எந்தப் பெண் வீட்டார் எங்கள் கடைப் படியை மிதிப்பார்கள்?

"நீ இனிமே மடிக்காத," என்றார். "கடைல சும்மா குந்து. அந்தப் படம் தேசூருக்கும் போவும். அந்தப் பொண்ணு பாக்கும். அது வந்து இன்னா சொல்லுதோ அதான் உனக்குத் தீர்ப்பு."

மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கை பரபரத்துக்கொண்டே இருந்தது. புதிய ஆள் மடித்த கோடுகளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த உதவி இயக்குநர் என்னைத் தேடிக் கடைக்கே வந்தார். அவருக்குத் தனியாகப் படம் கிடைத்திருந்தது. முகத்தில் அதற்கான சந்தோஷம் இல்லை.

"அந்த வசனத்துக்காகத்தாங்க எனக்குப் படமே குடுத்தாங்க," என்றார். "அதே மாதிரி இன்னும் நாலு எழுதுன்னு தயாரிப்பாளர் உயிரை வாங்கறாரு. எனக்கு ஒண்ணுகூட வரமாட்டேங்குது. நீங்க வந்து நில்லுங்க. உங்க வாயில என்ன வருதோ அதை நான் எழுதினதா வச்சுக்கறேன்."

இவ்வளவு நேர்மையாகத் திருடுகிறவரை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. ஆனால் வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரே உச்சுக்கொட்டிய அந்த நடிப்பு ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் களங்கப்படுத்தியது என்று ஆகிவிட்டால், அதை வைத்து நான் எப்படிப் பிழைப்பேன்? தேசூரிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் சார் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெண்ணுக்கு வயிற்றில் ஆறு மாதம் இருக்கும். அம்மா படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"நின்னு போன கல்யாணத்துல வச்ச பொடவையா எம் பொண்ணு கட்டிகினா? சம்பந்தி வூட்டு ஆளுங்களோட குந்திகினு படம் பாத்தேன்யா. எங்க மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

முதலாளி எழுந்து நின்றார். நானும் நின்றேன். பெண் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"படத்துலதானம்மா நின்னுச்சி," என்றாள். பிறகு என்னிடம், "அண்ணா, அந்த மஞ்சளுக்கு அடியில சேறு இருந்துச்சி. கரைய அலசும்போதே பாத்தேன். எங்கருந்து வந்துச்சின்னு இத்தினி நாளா யோசிச்சிகினு இருந்தேன்."

"தப்புதாம்மா," என்றேன். "முதலாளி குடுக்கச் சொன்னது வேற பொடவை. நாந்தான் இத எடுத்துகினு போனேன். மடிப்பு நல்லா இருந்துச்சின்னு."

"அந்தாளு இழுத்தப்ப பிரிஞ்சிச்சா?"

"இல்லம்மா. ஒரு மடிப்பு கூட நவுரல."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்.

"என் நிச்சயத்துலயும் இப்டித்தான்ணா சண்ட வந்துச்சி. சீர் பேச்சு முத்திப் போயி, அவங்க ஒண்ணு சொல்ல, எங்கப்பா துண்ட ஒதறிகினு எழுந்துட்டாரு. வோணாம்னா போவட்டும்னுட்டாரு. நான் உள்ள நின்னுகினு இருந்தேன். யாரும் ஐயா வோணாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. நீ எம் பொடவைக்கே அவ்ளோ கெஞ்சின. எனக்காவ யாராச்சும் கெஞ்சினாங்கன்னா அது நீதான்."

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி கணக்குப் பேனாவை மூடி மூடித் திறந்தார். எனக்கு அழுகை வந்தது. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, கடையில் நின்றபடியே அழுதேன். படத்தில் அழாத அழுகை.

"அழுவாதண்ணா," என்றாள். "மொத மடிப்பு நாந்தான் பிரிச்சேன். அப்பறம் இன்னா?"

அவர்கள் போன பிறகு முதலாளி, நாளையிலிருந்து மடி என்றார். எதிர் டீக்கடையிலிருந்து ஒல்லி ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாரம் மடித்துவிட்டு, புதிய ஆளுக்குக் கோடு விழாமல் மடிக்கக் காட்டிக் கொடுத்துவிட்டு, சென்னைக்கு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு மாமன், அப்பன், தலையாரி, போஸ்ட்மேன் என்று எத்தனையோ வேஷம். காலிப் பெட்டியைக் கையில் கொடுத்தால் இதில் யார் துணி என்று கேட்பேன். வெறும் கவரைக் கொடுத்தால் யார் எழுதினது என்பேன். கிழவன் தொல்லை தருகிறான் என்று உங்களைப் போன்றவர்கள் முணுமுணுத்தது என் காதில் விழுந்திருக்கிறது. பரவாயில்லை. கையில் இருப்பது யாருடையது என்று தெரியாதபோதெல்லாம் நான் மார்பில் அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறேன். அந்தப் படங்களை நீங்கள் பார்க்க வேண்டாம்.

என் கடைசிப் படத்தை எடுத்தவரும் அதே ஒல்லி ஆள்தான். இப்போது ஒல்லி இல்லை, காதில் பென்சிலும் இல்லை. ஒரு கல்யாணக் காட்சி. உதவி இயக்குநராக வந்திருந்த பிள்ளை என் கையில் தட்டைக் கொடுத்தான். அதில் புடவைக்குப் பதிலாக ஒரு அட்டைக்கு மேல் ஜரிகைக் காகிதம் சுற்றியிருந்தது.

"பொண்ணு எந்த ஊருப்பா?" என்றேன்.

"எந்தப் பொண்ணு சார்? இந்த சீன்ல பொண்ணே இல்லையே," என்று குழம்பிப்போய் இயக்குநரிடம் ஓடினான். அவர் காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏதோ சொன்னது தெரிந்தது. பையன் திரும்பி வந்தான்.

"தேசூராம் சார்."

கட்டைவிரலைக் கரைமேல் அழுத்தி வைத்துக்கொண்டேன். எடுக்கலாம் என்றேன்.